முட்டை சேருமா

சொல்லிவிட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அவுக மக்ரூன் சாப்பிட்டிருக்காக டாக்டரம்மா, வருசக்கணக்கா சாப்பிட்டிருக்காக, ஒரு தும்மல்கூட வந்தது கிடையாது என்று உள்ளே போய்ச் சொன்னால் போதும், இரண்டு பேருக்கும் ஊசியைப் போட்டு மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள், கப்பல் ஏறலாம். சொல்லாவிட்டால் இந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாளையங்கோட்டைக்கு வண்டி ஏறவேண்டியதுதான். நாக்கு நுனி வரைக்கும் வருகிறது, அப்புறம் உள்ளே போய்விடுகிறது. இவர் என்னடாவென்றால் பையை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவர் மாதிரி நேராக உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் இவர் வாயால் வந்த வினை. அந்த டாக்டர் சின்னப் பெண், மதுரைப் பக்கத்துப் பேச்சு, மரியாதையாகத்தான் கேட்டாள், முட்டை சேருமா உங்களுக்கு என்று. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மருந்தை முட்டைக்குள் வைத்துத்தான் வளர்க்கிறார்களாம், முட்டை ஆகாத உடம்பில் போட்டால் மூச்சையே அடைத்துவிடுமாம். "பரம்பரைச் சைவம்மா நாங்க. முட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது, ரெண்டு பேரும்தான்" என்று இவர் எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கும் சேர்த்துப் பேசித்தான் இவருக்குப் பழக்கம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப சேருமா சேராதான்னே தெரியாதில்ல சார். உங்களுக்கு வயசும் அறுபத்தஞ்சு தாண்டியாச்சு. அந்த வயசுல இந்த ஊசியை யோசிச்சுத்தான் போடுவோம், இதுல முட்டையும் தெரியாதுன்னா நான் எந்தத் தைரியத்துல போடறது? ஊசி வேண்டாம்னு கடிதம் தரலாம், கப்பல்காரங்க ஒத்துக்கணும்" என்றாள். ஒத்துக்கொள்ள மாட்டார்கள், டிக்கெட் எடுத்துத் தந்த ஏஜென்ட் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டான். "கேக்கு, ஐஸ்கிரீம், எதுலயாவது தெரியாமச் சாப்பிட்டிருக்கலாம், வெளிய உக்காந்து யோசிச்சுப் பாருங்க. வெளிய காத்திருக்கற பசங்களுக்குப் போட்டு முடிச்சிட்டுக் கூப்பிடறேன்" என்றாள். ஒரு குப்பியை உடைத்தால் அதிலிருக்கிற மருந்தை உடனே ஆட்களுக்குப் போட்டுத் தீர்த்துவிட வேண்டுமாம். அதனால் ஆள் சேர்த்து வைத்துத்தான் உடைக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருத்தராக உள்ளே போகிறார்கள், நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

சாதாரணக் கப்பல் இல்லை, சொகுசுக் கப்பல். உள்ளேயே நீச்சல் குளம், சினிமா, ராவும் பகலும் சாப்பாடு. எங்களுக்கு வாய்த்த வாழ்வைப் பாருங்கள். பம்பாயில் ஏறினால் செஷல்ஸ் தீவு, அங்கேயிருந்து ஆப்பிரிக்காவில் மொம்பாசா, நடுவே வெறும் கடல். அந்த வெறும் கடலில் ஓர் இடத்தில்தான் என் பிள்ளை கோமதிநாயகம் இல்லாமல் போனான். அந்தக் கப்பலில் பேக்கரியில் வேலை, ரொட்டியும் கேக்கும் செய்கிற வேலை. வேலை முடிந்து காற்று வாங்க மேல்தளத்துக்குப் போனவன் மறுநாள் அடுப்படிக்கு வரவில்லை. தேடினார்கள், கப்பலையே திருப்பிக் கொண்டுபோய்த் தேடினார்கள், ஹெலிகாப்டர் வந்ததாம், உடம்பு கிடைக்கவில்லை. அவனோடு வேலை பார்த்த இந்த ஊர்ப் பையன் ஜெரால்டுதான் யார் யார் காலிலோ விழுந்து இதற்கு ஏற்பாடு செய்தான். அம்மா, நீங்களும் அப்பாவும் அதே கப்பல்ல வாங்க, அந்த இடம் வந்ததும் கேப்டன் சங்கு ஊதுவாரு, நீங்க பூவும் பாலும் விடலாம் என்றான். இரண்டு வருசமாகக் கருமாதி செய்யாமல் கிடக்கிறது. உடம்பு கிடைக்காமல் எதை வைத்துச் செய்வது என்று இவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வெற்றிலைத் தட்டைத் தேடுகிறார்கள். நான் அழுது தீர்த்துவிட வேண்டும். ஓர் இடத்தைப் பார்த்து, இதுதான் என்று தெரிந்து, அழுது தீர்த்துவிட வேண்டும். இப்போது அழுதால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் அழவேண்டியிருக்கிறது. கப்பல் என்றதும் இவர் குதிப்பார் என்றுதான் நினைத்தேன், சரி போவோம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் பூசை அறையில் விளக்கேற்றி வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தொடங்கியது பாருங்கள் முன்னேற்பாடு. டைபாய்டு ஊசி, அதற்குக் கை வீங்கி நான் இரண்டு நாள் குடம் தூக்கவில்லை. மலேரியாவுக்கு மாத்திரை, கப்பல் ஏறுவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் விழுங்க வேண்டும். கொசு கடிக்காமலிருக்கக் களிம்பு, வெயிலுக்கு ஒரு களிம்பு, வாந்திக்கு மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புத்தூள். கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும், வெட்டி வைத்த பழத்தைத் தொடக்கூடாது. இவர் மருந்துக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில்கூட இவ்வளவு சுறுசுறுப்பாக நான் பார்த்ததில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். யாருக்காக இத்தனை பத்திரம்? பிள்ளையை வாரிக்கொண்டுபோன கடலுக்குப் போகிறோம், போகிற வழியில் எங்களுக்குச் சளி பிடித்துவிடக் கூடாது. கொசு கடித்தால் என்ன, காய்ச்சல் வந்தால்தான் என்ன, வர வேண்டியது எங்களுக்கு அல்லவா வந்திருக்க வேண்டும். ஆனால் அதையும் சொல்ல முடியாது, நானும்தான் தினமும் அந்த மலேரியா மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு ஒழுங்காக விழுங்குகிறேன். உடம்பு இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது. பசிக்கிறது, தூங்குகிறது, ஊசி என்றால் இந்த வயதிலும் பயப்படுகிறது.

ஸ்பிரிட் வாடையும் கடல் வாடையும் ஒன்றாக வருகிறது. ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே போய்வருகிற பையன்கள் எல்லாம் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், தாடி சரியாக முளைக்காத முகங்கள், ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் செய்கிறார்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும், மயக்கம் கியக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நாயகமும் இங்கே வந்துதான் போட்டுக்கொண்டான். இதே பெஞ்சாக இருக்கலாம். நான் பெஞ்சின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன், சன்மைக்கா பெயர்ந்து விரலைக் கீறுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனுக்கு லேசாகக் காய்ச்சல், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், கட்டிலில் படுத்துக்கொண்டே அந்த மஞ்சள் புத்தகத்தை எனக்குக் காட்டினான். "பாத்தீயளாம்மா, இது ஒரு தடவை போட்டா ஆயுசு முழுக்கச் செல்லும்" என்றான். முன்னெல்லாம் பத்து வருசத்துக்கு ஒரு தடவை போட வேண்டுமாம், இப்போது மாற்றிவிட்டார்களாம், அதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஒரு ஊசி மிச்சம் என்று. ஆயுசு முழுக்க. அந்தப் புத்தகம் அவன் பெட்டியோடு திரும்பி வந்தது, துணிமணி, ஷேவிங் சாமான், வெள்ளைத் தொப்பி, எல்லாம் மடித்து வைத்திருந்தார்கள். இன்னும் செல்லும் அது. அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ஐயோ, இந்தப் பையன்கள் இவ்வளவு சத்தமாகச் சிரிக்காமல் இருந்தால் தேவலை. இல்லை, சிரிக்கட்டும். எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ, நன்றாகச் சிரித்துக்கொண்டு போய்விட்டு வரட்டும்.

மக்ரூன் பேச்சுக்கு வருகிறேன். அங்கேதான் சுற்றிச் சுற்றி நிற்கிறது மனசு. தூத்துக்குடி என்றால் இவருக்கு மக்ரூன்தான். உப்பளம், துறைமுகம், மாதா கோவில் எல்லாம் அதற்கு அப்புறம். வெள்ளை வெளேரென்று கூம்பு கூம்பாக இருக்கும், வாயில் போட்டால் முந்திரி வாசனையோடு கரைந்துபோகும். இவர் அதை ஒரு முறையாகத்தான் சாப்பிடுவார். முதலில் நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடுவார், அப்புறம் அடிப்பாகம், அப்புறம் காகிதத்தில் உதிர்ந்த தூளை விரலால் ஒற்றி எடுப்பார். "சீனியும் முந்திரியும்தான், வேற ஒரு கலப்படம் கிடையாது, சுத்தமான பலகாரம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். எங்கள் தெருவில் முக்கால்வாசிச் சைவ வீட்டில் அப்படித்தான் நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சரஸ்வதி பூசைக்குச் சுண்டலுக்குப் பக்கத்தில் மக்ரூனையும் தட்டில் வைத்துச் சாமிக்குக் காட்டினார், சூடம் சுற்றி, தேவாரம் பாடி. நாயகம் அப்போது கேட்டரிங் படிப்பு முடித்துவிட்டு வந்திருந்தான். பூசை அறை வாசலில் நின்றவன் முகம் ஒரு மாதிரி கோணிப்போய், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். பின்னாலேயே போனேன். கிணற்றடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "எம்மா, அது முட்டைம்மா. வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடிச்சு, சீனியும் முந்திரியும் போட்டு, இளஞ்சூட்டுல வைக்கது. முட்டை இல்லாம மக்ரூனே கிடையாது. அப்பா சரஸ்வதிக்கு முட்டையைப் படைச்சிருக்காக" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன், அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கிணற்றடியில் சத்தம் வராமல் சிரித்தோம். "சொல்லிராதியம்மா. பாவம், அவுகளுக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்" என்றான். நான் சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு தின்றேன், ஒருத்தியாக நின்று வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே. சாமி மன்னிக்கும் என்று நினைத்துக்கொண்டேன், சாமிக்கே கொடுத்தாயிற்று.

சிரித்ததோடு போயிருந்தால் ஒன்றும் இல்லை. கேட்டரிங் என்று அவன் சேர்ந்தபோதே இவருக்கு முகம் விழுந்துவிட்டது. கப்பலில் முட்டை உடைக்கிற வேலை, பெட்டி பெட்டியாக முட்டை, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். முதல் லீவில் வந்த பிள்ளை ஆசையாக, முட்டையே போடாமல், தயிரும் சோடா உப்பும் போட்டு எங்களுக்கு ஒரு கேக் செய்கிறேன் என்று அடுப்படிக்குள் போனான். இவர் வாசலில் நின்றுகொண்டு, "முட்டை உடைச்ச கையால என் வீட்டு அடுப்பைத் தொடாதல" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நாயகம் கையிலிருந்த மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான், கையைக் கழுவினான், சரிப்பா என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனையோ லீவுக்கு வந்தான், அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும்தான் வருவான். ஆயிரக்கணக்கான பேருக்குச் செய்துபோட்ட கை, எனக்கு ஒரு காப்பி போட்டுத் தந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வரும்போது தூத்துக்குடியில் இறங்கி இவருக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு வருவான். மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவான். இவர் பேசாமல் பொட்டலத்தைப் பிரிப்பார், நுனியைக் கிள்ளுவார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்த ஒரு பொட்டலம்தான் போக்குவரத்து. அவன் போனபிறகு இவர் மக்ரூன் சாப்பிடவில்லை. யாரோ வாங்கிக்கொண்டு வந்ததை எறும்பு தின்றது.

இப்போது சொல்லு என்றால் எப்படிச் சொல்லுவேன். முட்டைதான் தின்றீர்கள் இத்தனை காலமும் என்று சொன்னால் இவர் என்ன ஆவார். முட்டை தொட்ட கை என்று பெற்ற பிள்ளையை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பினவர், அதே முட்டையை அதே பிள்ளை கையால் வாங்கிக் கண்ணை மூடித் தின்றவர். அது தெரிந்தால் இந்த மனுசன் அதோடு உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்க மாட்டார். அந்தக் கேக்கைத் தின்றிருக்கலாமே, அவன் செய்யட்டும் என்று விட்டிருக்கலாமே என்று ராப்பகலாக அரித்துவிடும். எனக்கு எரிச்சல் இல்லாமல் இல்லை. தெரிந்து தவிக்கட்டும் என்றுகூட ஒரு சமயம் தோன்றியிருக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் அப்படித் தோன்றிய ராத்திரியே இவர் தூக்கத்தில் லேய் நாயகம் என்று கூப்பிட்டார், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது கூப்பிட்ட அதே குரலில். அதற்குமேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அது எனக்கும் அவனுக்கும் மட்டும் உள்ளது. கிணற்றடியில் உட்கார்ந்து சிரித்ததில் பாதி அவனோடு கடலுக்குள் போய்விட்டது, மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது, அதையும் எடுத்து இந்தப் பெஞ்சில் கொட்டிவிட்டால் எனக்கென்று அவனைப் பற்றி என்ன மிச்சம்? சொல்லாவிட்டாலோ, கப்பல் போய்விடும். நான் மட்டும் சாப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லித் தனியாகப் போகலாம், எங்கே சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய் என்று இவர் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். தனியாகப் போய் நான் என்ன செய்வேன். பாலை விடுகிற கை அப்பா கையாக இருக்க வேண்டாமா. அந்தக் கடலை நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் படுத்தால் வருகிறது, கறுப்பாக, அலையே இல்லாமல். அதில் அவன் வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறான், நீந்தவில்லை, நிற்கிறான், அம்மா ஒண்ணும் ஆழமில்லை என்கிறான். ஊசி போடாத உடம்போடு போனால் அந்தக் காய்ச்சல் வந்து நானும் போய்ச் சேருவேன் என்றால் போடாமலே போகத் தயார். ஆனால் போடாமல் படியில் ஏற்ற மாட்டார்கள். சாவதற்குக்கூட முத்திரை குத்திய புத்தகம் வேண்டும்.

உள்ளே போகிற பையன்கள் குறைந்துவிட்டார்கள். நர்ஸ் வாசலுக்கு வந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள். இவர் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து எனக்கு நீட்டுகிறார். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், இப்போதிருந்தே பழகிக்கொள்ள வேண்டும் என்று காலையில் இவரே ஊற்றிக்கொண்டு வந்தது. வாங்கி ஒரு வாய் குடித்தேன். இந்த மனுசன் வரத்தான் ஆசைப்படுகிறார், இவ்வளவு பாடுபட்டு வந்து ஒரு முட்டையில் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். சொல்லிவிடுவோம், நான் பக்கத்தில் இருக்கிறேன், தாங்குவார், தாங்காவிட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து தாங்குவோம். பாட்டிலை மூடினேன். "கேட்டீயளா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. அந்த மக்ரூன்ல இருக்கது முட்டைதான்" என்றேன். இவர் திரும்பவில்லை. வெளியே கிரேனைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்ளா" என்றார்.

எனக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லையோ என்றிருந்தது. "முதல் லீவு முடிஞ்சு அவன் திரும்பிப் போன வருசமே தெரியும். ஒரு வேலையா இங்க வந்தப்ப மக்ரூன் கடைக்குப் போனேன், கடைக்காரன் சூடா எடுத்து அடுக்கிக்கிட்டிருந்தான். எப்படிய்யா இப்படி வெள்ளையா வருதுன்னு கேட்டேன். வெள்ளைக்கரு சார், வேற என்னன்னு சொன்னான்." பெறகும் தின்னீயளே என்றேன். "அவன்லா வாங்கிட்டு வந்தான்" என்றார். "வேண்டாம்னா வாங்கிட்டு வரமாட்டாம்லா. அடுப்பைத் தொடாதன்னு சொல்லியாச்சு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வா, வந்து செய்யின்னு கூப்பிட? அவன் கையால அதையாவது தின்னுக்கிட்டேன்." அவனும் நானும் இவருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்திருக்கிறோம், இவர் எங்களுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்திருக்கிறார், ஒரு பொட்டலத்தைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பேரும் நடித்திருக்கிறோம். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் என் பிள்ளை அடுப்படியில் நின்று ஆசைதீரச் சமைத்துப்போட்டிருப்பான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அப்புறம்தான் உறைத்தது. "பெறகு எதுக்கு அந்தப் பிள்ளைகிட்ட தொட்டதே இல்லைன்னு சொன்னீய?" என்று கேட்டேன்.

இவர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "நீ ஆசைப்பட்டே. வரலைன்னு உங்கிட்ட சொல்ல முடியலை. ஊசி போட முடியாதுன்னு அவுகளே சொல்லிட்டா நல்லதுன்னு இருந்தது" என்றார். குரல் மெலிந்துவிட்டது. "அங்க போனா இதுதான் இடம்னு கையைக் காட்டுவானுவ. சங்கு ஊதுவானுவ, பூப்போடச் சொல்லுவானுவ. போட்டுட்டா அவ்வளவுதானே. இப்ப அவன் எங்கயோ கப்பல்ல வேலை பாக்கான், லீவு கிடைக்கலை, வரலை. நான் அப்படித்தான் வச்சிருக்கேன் பிரமு. என்னால அதை விட முடியலை. நீ போயிட்டு வா. பாலை விடு, பூவைப் போடு, அழணும்னா அழுதுட்டு வா, நான் தடுக்கலை. திரும்பி வந்து எங்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லாத." இவர் கை பையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது, நரம்பெல்லாம் தெரிய. கருமாதி கூடாது என்று இத்தனை நாள் சாத்திரம் பேசியது இதற்குத்தானா. அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். எங்கள் பக்கத்தில் நாலு பேர் பார்க்கப் புருசன் கையைப் பிடிக்கிற வழக்கமில்லை, ஆனால் வைத்தேன். நர்ஸ் வந்து பிரமு அம்மாள், ஆவுடையப்பன் என்று எங்கள் பேரை வாசித்தாள். நான் மட்டும் எழுந்தேன்.

கதவைச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் பெஞ்சும் இவர் முதுகும் தெரிந்தன. எனக்குச் சேரும், மக்ரூன் தின்றிருக்கிறேன், ஒன்றும் செய்ததில்லை என்றேன். "அட, அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? அப்ப சாரும் சாப்பிட்டிருப்பாரே, வரச் சொல்லுங்க" என்றாள் டாக்டர். அவுக வரலை, நான் மட்டும்தான் போறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. நர்ஸ் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையைத் துடைத்தாள், ஸ்பிரிட் ஜில்லென்றது, பல்லைக் கடித்துக்கொண்டேன், எறும்பு கடித்த அளவுதான். டாக்டர் புத்தகத்தில் எழுதிக்கொண்டே, இன்றைக்கோ இரண்டு மூன்று நாள் கழித்தோ காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம், மாத்திரை போடுங்கள், கப்பலிலிருந்து இறங்கினால் வெளியே விற்கிறதை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். முத்திரையைக் குத்தினாள். "இவ்வளவு தூரம் தனியாவா போறீங்க? ஒண்ணுன்னா பாத்துக்க அங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டாள்.

"எம் மகன் இருக்கான். அந்தக் கப்பல்லதான் வேலை பாக்கான்" என்றேன், வெளியே பெஞ்சில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.